தேய்வுக்கு இடங்கொடாத கம்மியர்

மனிதர் செய்யும் பொருள்கள் யாவும் இருவகையாகத் தேய்கின்றன. ஒன்று பொருளிலே நிகழும் தேய்வு. அது உராய்வாலும் வெப்பத்தாலும் துருவாலும் வருவது. மற்றையது விலையிலே நிகழும் தேய்வு. அது சந்தையாலும் காலத்தாலும் மக்களின் விருப்பு மாறுவதாலும் வருவது. இரண்டாவதைக் கணக்காளர் பெறுமானத் தேய்வு என ஏட்டிற் பதிவர். இவ்விரு தேய்வுகளும் கைகோத்தே செல்லவேண்டுமென்ற நியதி இல்லை. நல்ல நிலையிலுள்ள பொருள் விலையிழந்து கிடப்பதுமுண்டு; பயனிழந்த பொருள் பெருவிலை பெறுவதுமுண்டு.

இவ்வுண்மையைச் செல்வர் வாங்கும் உயர்தர மோட்டார் வண்டியைப்போலத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றைக் காண்டல் அரிது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய வண்டி, பதிவுசெய்யப்பட்ட அன்றே பழைய வண்டியாகிவிடுகின்றது. சில ஆண்டுகளில் அதன் விலை பாதியாகும். மேலும் சில ஆண்டுகளில் அற்பமாகும். ஆனால் அதனைப் பேணும் செலவு அவ்வாறு குறைவதில்லை. பத்திலொரு பங்கு விலைக்கு அவ்வண்டியை வாங்கியவன், ஓர் உறுப்புப் பழுதாயின் அதற்கு முழுவிலையே கொடுக்கவேண்டும். மலிவாகக் கிடைத்ததென மகிழ்ந்து வாங்கியோர் பலர், பின்னர் பழுதுபார்ப்போன் நீட்டிய பற்றுச்சீட்டைக் கண்டு கலங்கியதற்குக் காரணம் இதுவே.

இந்த இரண்டு தேய்வுகளுள் ஒன்றைத் தடுக்க எந்தக் கம்மியனாலும் இயலாது. மற்றையதைத் தடுப்பதற்கே தம் வாழ்வு முழுவதையும் செலவிட்டார் ஒருவர். அரசரும் கோடீசுவரரும் ஏறிச்செல்லும் வண்டியைச் செய்த அவர், வறுமையின் அடித்தளத்திலிருந்து எழுந்தவர். பள்ளிப்படிப்போ பட்டமோ இல்லாதவர். அவரே றோல்ஸ் றோய்ஸ் என்னும் இரட்டைப் பெயரின் பிற்பாதிக்கு உரியவரான ஹென்றி றோய்ஸ்.

இளமையும் இன்மையும்

இங்கிலாந்தில் பீற்றர்பரோ நகருக்கு அண்மையிலுள்ள அல்வால்டன் என்னும் சிற்றூரிலே, 1863 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆம் திகதி பிரெடெரிக் ஹென்றி றோய்ஸ் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மாவாலை நடத்திவந்தவர். தொழில் நொடித்தது, குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. அங்கும் திரு வாய்க்கவில்லை. 1872 இல் தந்தையார் வறுமையிலேயே கண்மூடியபோது ஹென்றிக்கு வயது ஒன்பது.

அதன்பின் அச்சிறுவன் வயிறு வளர்ப்பதற்குச் செய்தித்தாள் விற்றான். தந்திச் சேவகனாக வீடு வீடாக ஓடினான். அவன் பள்ளியில் இருந்த காலம் எல்லாஞ் சேர்த்து ஏறத்தாழ ஓராண்டே. நிறைவாக உண்ணாத அந்த இளமை, பின்னாளில் அவர் உடலில் என்றும் ஆறாத நலிவாகத் தங்கிவிட்டது.

பதினைந்தாம் வயதளவில் ஒரு வழி திறந்தது. அவருடைய சிறிய தாயார் ஒருவர் ஆண்டுக்கு 20 பவுண் செலுத்த இசைந்து, பீற்றர்பரோவிலிருந்த பெருவடக்கு இரயில்வேத் தொழிற்சாலையில் அவரைத் தொழில் பழகுநராகச் சேர்ப்பித்தார். தங்கியிருந்த வீட்டுக்காரரும் ஒரு கைவினைஞரே; வீட்டின் பின்புறத்தே கடைசற் பொறியும் பலவகைக் கருவிகளும் வைத்திருந்தார். பகலில் இரயில்வேத் தொழிற்சாலையிலும் மாலையில் அந்தச் சிறு பட்டறையிலும் இரும்பு எங்ஙனம் வளையும், எங்கே முறியும், எவ்வளவு தாங்கும் என்பதை இளைஞர் தம் விரல்களாலேயே கற்றார். கணிதத்தையும் ஆங்கிலத்தையும் தாமே முயன்று பயின்றார். ஆயின் மூன்றாண்டில் சிறிய தாயாரின் பணம் வற்றியது. பயிற்சி முற்றுப்பெறாமலே அவர் வெளியேற நேர்ந்தது. எந்திரத் தொழிலிற் பின்னர் உலகப் புகழ் ஈட்டியவரின் கையில் அத்தொழிலைக் கற்று முடித்ததற்கான சான்றிதழ் ஒருபோதும் இருந்ததில்லை.

லீட்ஸ் நகரில் கருவி செய்யும் கம்பனியொன்றில் வாரம் 11 சிலிங் கூலிக்கு உழைத்தார். பின்னர் இலண்டனில் அக்காலத்துப் புதுமையான மின்விளக்குத் தொழிலிற் புகுந்தார். அங்கிருந்து லிவர்பூல் நகரில் மின்விளக்கமைக்கும் பணிக்கு அனுப்பப்பட்டார். 1884 இல் அந்தக் கம்பனியும் மூடப்பட்டது. இருபத்தொரு வயதிற்குள் தந்தையின் தொழிலும் சிறிய தாயாரின் உதவியும் தம்மை அமர்த்திய கம்பனியும் ஒவ்வொன்றாக நொடித்துப்போனதை அவர் கண்டுவிட்டார். நம்பியது கைவிடும்போது மனிதன் படும் பாட்டை ஏட்டில் அன்றி வாழ்விலே கற்றவர் அவர்.

குக் தெருவின் பட்டறை

அவ்வாண்டே தம் சேமிப்பான 20 பவுணுடன் மாஞ்செஸ்டர் நகரின் குக் தெருவிலே ஒரு சிறு பட்டறை தொடங்கினார். நண்பர் ஏர்ணஸ்ட் கிளேர்மொண்ட் 50 பவுணுடன் பங்காளியாகச் சேர்ந்தார். இருவரும் பட்டறையின் மேல்மாடியிலே குடியிருந்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினர். முதலில் மின்மணி முதலிய சிறு சாதனங்களும், பின்னர் மின்பிறப்பிகளும், அதன்பின் மின்சாரப் பாரந்தூக்கிகளும் அங்கிருந்து வெளிவந்தன. றோய்ஸ் செய்த மின்பிறப்பிகள் தீப்பொறி பறவாமல் நெடுங்காலம் உழைத்தன. அக்காரணத்தால் ஆலைகளிலும் கப்பல்களிலும் அவை விரும்பப்பட்டன.

நூற்றாண்டின் முடிவிலே ஜேர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விலைமலிந்த மின்பொறிகள் வந்து குவிந்தன. றோய்ஸின் பொருள்களுக்குக் கேள்வி குறைந்தது. தரத்தைச் சிறிது குறைத்தால் விலையையும் குறைக்கலாம் என்னும் யோசனை எழுந்தது. றோய்ஸ் அதற்கு இணங்கவில்லை. தரத்தைக் குறைத்துப் பிழைப்பதினும் வேறு பொருளைச் செய்து பிழைப்பது மேலென்று அவர் துணிந்தார். அத்துணிவே அவரை மோட்டார் வண்டியின்பாற் செலுத்தியது.

பழைய வண்டி புகட்டிய பாடம்

அக்காலத்து மோட்டார் வண்டி செல்வரின் விளையாட்டுப் பொருள், நம்பிக்கைக்கு உரியதன்று. புறப்படும் நேரத்தைக் கூறலாம். சேரும் நேரத்தைக் கூற இயலாது. வண்டியை உடையவர் ஊர்ப்பயணம் புறப்படுமுன் சாரதியோடு கம்மியனையும் தேடவேண்டியிருந்தது. இக்காலத்திலே றோய்ஸ் பிரான்சு நாட்டில் தெக்கோவீல் கம்பனியார் செய்த 10 குதிரைவலு வண்டியொன்றை வாங்கினார். அது ஏற்கெனவே ஒருவரிடம் இருந்து கைமாறி வந்த பழைய வண்டி.

பழைய உயர்தர வண்டியை வாங்கிய எவரும் செய்வதையே அவரும் செய்தார்: குறை கண்டார். பிறர் குறைகண்டு வண்டியை விற்றுவிடுவர். றோய்ஸ் அதனைக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பையும் மேசைமேல் வைத்து, இது ஏன் ஓசையிடுகின்றது, ஏன் சூடேறுகின்றது, ஏன் தளர்கின்றது என்று வினாவினார். அடிப்படை அமைப்பு அவருக்குத் தவறாகத் தோன்றவில்லை. செய்நேர்த்தியே குறையாகத் தோன்றியது. புதுமையான ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டுமென்று அவர் எண்ணவில்லை. முன்னரே உள்ள ஒன்றை, இனித் திருத்த இடமில்லை என்னும் அளவுக்குத் திருத்தவே எண்ணினார். அவருடைய வாழ்நாள் முறை அதுவாயிற்று.

தெக்கோவீலை முன்மாதிரியாகக் கொண்டு அவர் செய்த இரு சிலிண்டர் வண்டி 1904 ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி குக் தெருவிலிருந்து வெளியேறி, ஏறத்தாழ 15 மைல் தொலைவிலிருந்த அவருடைய இல்லத்தை இடரின்றி அடைந்தது. அத்தகைய வண்டிகள் மூன்று செய்யப்பட்டன.

இரு பெயரின் இணைப்பு

அவற்றுள் ஒன்றின் சிறப்பை அறிந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பார், அதனைப்பற்றி இலண்டன் வண்டி வணிகரான சார்ள்ஸ் றோல்ஸ் அவர்களுக்கு அறிவித்தார். றோல்ஸ் ஒரு பிரபுவின் மைந்தர், கேம்பிறிட்ஜிற் பயின்றவர், வேகத்திலே பெருவிருப்புடையவர். பிறநாட்டு வண்டிகளையே விற்றுவந்த அவருக்கு, தம் நாட்டில் அவற்றுக்கு நிகரானதொன்று இல்லையே என்னும் மனக்குறை இருந்தது. 1904 மே 4 ஆம் திகதி மாஞ்செஸ்டரின் மிட்லண்ட் விடுதியில் இருவரும் சந்தித்தனர். ஒருவர் மாளிகையிற் பிறந்தவர். மற்றவர் செய்தித்தாள் விற்றவர். றோய்ஸ் செய்யும் வண்டிகள் யாவற்றையும் றோல்ஸ் விற்பதென உடன்பாடாயிற்று. 1906 மார்ச் மாதத்தில் றோல்ஸ் றோய்ஸ் கம்பனி முறைப்படி நிறுவப்பட்டது.

தொடக்கம் முழுதும் வெற்றியென்று எண்ணுதல் தவறு. 1905 இல் அவர்கள் வெளியிட்ட ஆறு சிலிண்டர் கொண்ட 30 குதிரைவலு வண்டியில் ஒரு பெருங்குறை இருந்தது. நீண்ட கிராங்குத் தண்டு சுழலும்போது முறுக்கதிர்வு கொண்டது; சிலவேளை முறிந்தும் போயிற்று. அக்காலத்தில் ஆறு சிலிண்டர் எந்திரம் செய்த பலரையும் வாட்டிய நோய் இது. றோய்ஸ் அதனை மறைக்கவோ வண்டியை ஓட்டியவர்மேற் பழிசுமத்தவோ முற்படவில்லை. தண்டைத் தடித்ததாக்கினார், ஏழு தாங்கிகளின் மேல் அதனை அமர்த்தினார், சிலிண்டர்களை மும்மூன்றாக இரு தொகுதியாக்கினார், மசகெண்ணெயை அழுத்தத்துடன் ஒவ்வொரு தாங்கிக்கும் செலுத்தினார். இவ்வாறு தோல்வியின் மடியிலே பிறந்ததுதான் 1906 நவம்பரில் இலண்டன் ஒலிம்பியாக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 40/50 குதிரைவலு வண்டி.

ஏழு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவுடைய அவ்வெந்திரம், ஐம்பது குதிரைவலுவுக்கும் சற்றுக் குறைவான ஆற்றலையே ஈன்றது. அதன் பருமனை நோக்க இஃது அற்பம். நீடித்த உழைப்பின் இரகசியமும் இதுவே. தன் ஆற்றலின் ஒரு பகுதியையே செலவிட்டு, மெல்லச் சுழன்று, ஓய்வாக இயங்கும் எந்திரம் விரைவிற் களைப்பதில்லை. அடிச்சட்டத்தின் இணைப்புகளிலும் அவர் அதே கவனத்தைச் செலுத்தினார். சூட்டில் அடித்து இறுக்கும் தறையாணிகள் காலப்போக்கில் தளருமென்று கருதி, கூம்புவடிவ ஆணிகளைத் துளைக்கு இசையப் பொருத்தி முடுக்கினார். வாங்குபவர் கண்ணுக்கு என்றுமே படாத இடங்கள் அவை.

பதினையாயிரம் மைல்

கம்பனியின் நிருவாகி குளோட் ஜோன்சன் விளம்பரக் கலையில் வல்லவர். 40/50 வண்டிகளுள் ஒன்றை வெள்ளி நிறந் தீட்டி, வெள்ளிமுலாம் பூசிய அணிகளால் அலங்கரித்து, அதற்கு ‘சில்வர் கோஸ்ட்’ எனப் பெயரிட்டார். வெள்ளிநிற ஆவியென்பது அதன் பொருள். ஓசையின்றி வருவதால் அப்பெயர் பொருந்திற்று. பின்னர் அவ்வகை வண்டிகள் அனைத்துக்குமே அது பெயராயிற்று.

1907 ஆம் ஆண்டில் அவ்வண்டி, அரச மோட்டார் கழகத்தார் கண்காணிக்க, சோதனை ஓட்டத்துக்கு விடப்பட்டது. ஸ்கொத்லாந்து நாட்டு நம்பகப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றபின், இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்குமிடையே ஞாயிறு தவிர்த்து இரவும் பகலும் மாறிமாறி ஓடியது. தொடக்கத்தில் 629 ஆவது மைலில், அதிர்வினாற் பெற்றோற் குழாயின் அடைப்புத் தானே மூடிக்கொள்ள, வண்டி நின்றது. அதனைத் திறந்துவிட ஒரு நிமிடமே சென்றது. அதன்பின் 14,371 மைல் தூரம், சக்கரங்களின் டயர்க் கோளாறு நீங்கலாக, எதிர்பாராத தடை ஒன்றேனும் இன்றி ஓடிற்று. 15,000 மைல் நிறைந்ததும் கழகத்தார் அதனைப் பிரித்து, உறுப்புறுப்பாக அளந்து பார்த்தனர். தேய்ந்த பாகங்களை மாற்றுதற்கு வேண்டிய உதிரிப்பாகங்களின் விலை இரண்டு பவுணுக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. அந்நாளில் வண்டியின் அடிச்சட்டமும் எந்திரமும் மாத்திரம் 985 பவுண்.

செல்வர் உலகை வியப்பிலாழ்த்தியது இந்தக் கணக்கே. அதுவரை உயர்தர வண்டியென்றால் வேகமும் பகட்டும் என்றே பொருள்பட்டது. இனி நம்பகமும் அதன் இலக்கணத்துள் அடங்கியது. 1908 இல் டார்பி நகரிற் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டு இந்தியாவிலும் 40/50 வண்டியொன்று பம்பாயிலிருந்து கோலாப்பூர்வரை மலைக்கணவாய்களினூடே ஓட்டிச் சோதிக்கப்பட்டு, குவாலியர் மன்னரால் வாங்கப்பட்டது.

1912 இல் ஆல்ப்ஸ் மலைப் போட்டியிலே தனியார் ஒருவரின் றோல்ஸ் றோய்ஸ் வண்டி செங்குத்தான கட்ஷ்பேர்க் கணவாயில் ஏறமாட்டாது நின்றது. மூன்று படி கொண்ட அதன் கியர்ப்பெட்டி அந்த ஏற்றத்துக்குப் போதவில்லை. பெயர்பெற்ற கம்பனிக்கு இது பெரும் நாணம். மறுத்துரைத்து அறிக்கை விடாமல், நான்கு படி கொண்ட கியர்ப்பெட்டியை அமைத்து மறுவாண்டே வண்டிகளை அதே மலைக்கு அனுப்பினர். இம்முறை அவை மலைகளை எளிதிற் கடந்து பெரும்புகழுடன் மீண்டன. குறையை ஒப்புக்கொள்ளுதலே திருத்தத்தின் முதற்படி என்னும் நெறியை றோய்ஸ் தம் தொழிற்சாலைக்குப் பழக்கியிருந்தார். டார்பியில் வண்டியைக் குலுக்கிக் குலுக்கி உறுப்புகளை வேண்டுமென்றே முறியச்செய்து பார்க்கும் பொறியொன்றும் இருந்தது. தெருவில் முறியுமுன் பட்டறையில் முறியட்டும் என்பதே அதன் கருத்து.

விலையின் தேய்வும் வண்டியின் தேய்வும்

சில்வர் கோஸ்ட் வண்டி 1926 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அடிப்படை அமைப்பு மாறாமற் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 6,173 வண்டிகளும் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் 1,701 வண்டிகளுமாக மொத்தம் 7,874 வெளிவந்தன. ஆண்டுதோறும் புதுவடிவம் வெளியிட்டு முன்னைய வண்டியைப் பழையதாக்கும் வழக்கத்திற்கு இது நேர்மாறானது. வாங்கியவரின் வண்டி மறுவருடம் நாகரிகங் குன்றியதாகத் தோன்றாமையால், விலைத் தேய்வும் ஓரளவு தாமதப்பட்டது.

மற்றோர் ஏதுவும் உண்டு. அக்காலத்தில் றோல்ஸ் றோய்ஸ் கம்பனியார் எந்திரத்தையும் அடிச்சட்டத்தையுமே விற்றனர். மேற்கூட்டை வாங்குவோர் தம் விருப்பப்படி வேறு கூடமைப்போரிடம் செய்வித்துக்கொள்வர். மரமும் தோலும் துணியும் கொண்ட மேற்கூடு முதலில் நைந்துபோம். வடிவ நாகரிகமும் முதலில் மாறுவது அதிலேயே. அடிச்சட்டமோ உறுதியாய் நிற்கும். ஆகவே பழைய கூட்டை அகற்றிப் புதிய கூடு ஏற்றி மேலும் பல்லாண்டு ஓட்டினோர் பலர்.

எனினும் விலையின் தேய்வை முற்றாக வெல்ல றோய்ஸாலும் முடியவில்லை. முதல் உடைமையாளர் புதிய வண்டிக்கு மாற, பழையது இரண்டாம் கைக்குச் செல்லும். பின்னர் மூன்றாம் கைக்கு. உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒருகாலத்துப் பிரபுவின் வண்டிகள் மிகச் சொற்ப விலைக்குக் கைமாறின. சில பிரேதவண்டியாயின, சில பழுதுற்ற வண்டிகளை இழுக்கும் வண்டியாயின. முதற் பெரும்போரிலே அரேபியப் பாலைவனத்தில் கவசமணிந்து ஓடியவையும் சில்வர் கோஸ்ட் அடிச்சட்டங்களே. மாளிகை வாயிலில் நின்றபோதும் பிணத்தைச் சுமந்தபோதும் எந்திரம் ஒரே வகையாகவே உழைத்தது. சந்தை அதன் பெறுமானத்தை எவ்வளவு குறைத்து எழுதியபோதும் செய்தவரின் உழைப்பைக் குறைத்தெழுத முடியவில்லை.

1907 இல் சோதனைக்கு ஓடிய அந்த முதல் வெள்ளி வண்டி மறுவாண்டு தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளின்பின், 1948 இல், கம்பனியே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐந்து இலட்சம் மைலுக்கு மேல் ஓடிய அவ்வண்டி, இன்று உலகின் மிக உயர்ந்த விலைமதிப்புடைய வண்டிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. விலை தேய்ந்து அடித்தளத்தைத் தொட்டபின்னும் பொருள் தேயாது நின்றமையாலேயே அந்த ஏற்றம் வாய்த்தது.

தம் உடலைப் பேணாதவர்

எந்திரத்தின் ஒவ்வோர் ஆணிக்கும் எண்ணெய் இடப்பட்டதா என்று கவலைப்பட்ட றோய்ஸ், தமக்கு உணவு இடப்பட்டதா என்பதை மறந்தார். பட்டறையில் இரவெல்லாம் வேலைசெய்வார். உணவு கொண்ட பையன் அவர் பின்னே அலைய, அது ஆறிப்போகும். வீட்டுத் தோட்டத்தில் ரோசாச் செடிகளை அவர் விரும்பி வளர்த்தார். அதற்கும் பகலில் நேரமின்றி இரவில் மின்விளக்கேற்றி உழைத்தார்.

1910 ஜூலை 12 ஆம் திகதி பேர்ன்மத் நகரில் வான்காட்சியின்போது றோல்ஸ் செலுத்திய விமானத்தின் வாற்பகுதி முறிய, அவர் வீழ்ந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 32. உறுப்பொன்றின் முறிவு, முறிவுக்கு எதிராகவே வாழ்ந்தவரின் கூட்டாளியைக் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு றோய்ஸின் உடலும் தளர்ந்து வீழ்ந்தது. குடலில் நோய், சத்திரசிகிச்சை நடந்தது. அவர் நெடுநாள் வாழமாட்டாரென மருத்துவர் கருதினர்.

ஜோன்சன் அவரைத் தொழிற்சாலையிலிருந்து விலக்கிப் பிரான்சின் தென்கரையிலுள்ள லெ கனடெல் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றார். அங்கு அவருக்கு வீடு அமைக்கப்பட்டது; வரைபடஞ் செய்வோருக்கும் அருகிலேயே இடமளிக்கப்பட்டது. அதன்பின் குளிர்காலம் அங்கும், கோடை இங்கிலாந்தின் தென்கரையிலும் கழிந்தன. 1917 முதல் அக்கோடை இல்லம் வெஸ்ட் விற்றறிங் என்னும் கடலோரச் சிற்றூரிலே அமைந்தது. அன்புடைய தாதி ஒருவரின் கண்காணிப்பில், உணவும் உறக்கமும் அளவுபடுத்தப்பட்டு, றோய்ஸ் மேலும் இருபதாண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தார். தம் எந்திரத்துக்கு அவர் அளித்த பேணுதலை அவருக்குப் பிறர் அளிக்கவேண்டியிருந்தது. டார்பிக்கு அவர் செல்வது அரிதாயினும், அவர் பார்வையிடாத வரைபடம் ஒன்றும் அங்கு உருவெடுப்பதில்லை.

தரையிலிருந்து வானுக்கு

வண்டி வழியில் நின்றால் இறங்கி நடக்கலாம். வானூர்தியில் அது இயலாது. நம்பகத்தின் உச்சச் சோதனை வானத்திலேதான் என்பதை 1914 இல் மூண்ட போர் அவருக்கு உணர்த்திற்று. படுக்கையிலும் சாய்மனையிலும் இருந்தபடியே பன்னிரு சிலிண்டர் கொண்ட ஈகிள் எந்திரத்தை அவர் வடிவமைத்தார். 1915 இல் அது இயங்கியது. 1919 ஜூனில் அல்கொக், பிறவுண் என்னும் இருவர் அட்லாந்திக் மாகடலை எங்கும் இறங்காமல் முதன்முதற் பறந்து கடந்தபோது, அவர்தம் விமானத்தைச் சுமந்தவை இரண்டு ஈகிள் எந்திரங்களே. அவ்வாண்டிறுதியில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியா சென்ற ஸ்மித் சகோதரரின் விமானத்திலும் அவையே இருந்தன.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது உயர்தர வண்டித் தொழில் தள்ளாடியது. லெ மான்ஸ் ஓட்டப்போட்டியில் ஐந்துமுறை வென்ற பென்ற்லி கம்பனி 1931 இல் நொடித்து, றோல்ஸ் றோய்ஸ் கைக்கு வந்தது. வண்டியின் சிறப்பு ஒன்றே கம்பனியைக் காப்பாற்றாது என்பதற்கு அதுவே சான்று. அதே ஆண்டில் றோய்ஸின் ‘ஆர்’ எந்திரம் பொருத்திய கடல்விமானம் ஷ்னைடர் கேடயத்தை வென்று, செப்டெம்பரில் மணிக்கு 400 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எட்டி உலக சாதனை நிலைநாட்டியது. 1930 இல் பிரித்தானிய அரசு அவருக்குச் ‘சேர்’ என்னும் பரம்பரைப் பட்டத்தை வழங்கியிருந்தது. மைந்தர் இல்லாமையால் அது அவரோடு ஒழிந்தது.

1933 ஏப்ரில் 22 ஆம் திகதி, வெஸ்ட் விற்றறிங்கிலே அவர் காலமானார். வயது 70. அவர் தொடக்கிவைத்த புதிய எந்திரமொன்று அவ்வாண்டு ஒக்டோபரிலேயே முதன்முதல் இயங்கியது. மேர்லின் எனப் பெயர்பெற்ற அது, 1940 இல் பிரித்தானியாவைக் காத்த ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களின் நெஞ்சாக விளங்கிற்று. அவர் அதனைக் கேட்கவில்லை. அவருடைய சாம்பல் முதலில் டார்பித் தொழிற்சாலையில் வைக்கப்பட்டது. 1937 இல் பிறந்த ஊரான அல்வால்டனின் தேவாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

எஞ்சி நிற்பது

அவருக்குப்பின் கம்பனியும் தேய்வுக்குத் தப்பவில்லை. புதிய விமான எந்திரமொன்றை ஆக்கும் செலவு வரம்பு மீற, 1971 இல் அது கடனில் மூழ்கி அரசுடைமையாயிற்று. வண்டித் தொழில் 1973 இல் தனியாகப் பிரிந்தது. 1998 இல் ஜேர்மன் கம்பனிகள் இரண்டு வண்டித் தொழிலையும் பெயரையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 2003 முதல் றோல்ஸ் றோய்ஸ் வண்டிகள் குட்வுட்டிற் செய்யப்படுகின்றன. அவ்விடம் றோய்ஸ் கண்மூடிய வெஸ்ட் விற்றறிங்கிலிருந்து சில மைல் தூரத்திலேயே இருக்கின்றது.

உரிமை பலமுறை மாறியது, விலைகள் ஏறி இறங்கின, பங்குகள் தாளாயின. றோய்ஸ் தம்மைப் பொறியியலாளரென்றும் பிரபுவென்றும் கூறிக்கொள்ள விரும்பவில்லை. கம்மியர் என்றே தம்மைக் குறிப்பிட விரும்பினார். பகட்டுக்காக வாங்கப்பட்ட பொருளைச் செய்த அவரிடம் பகட்டு இல்லை. விலையுயர்ந்த வண்டியின் சிறப்பு விலையிலே இல்லை, அதன் கண்காணா ஆணிகளிலே இருக்கின்றது என்பதே அவர் வாழ்வு நமக்குச் சொல்வது. மாணவரின் பயிற்சிக்கொப்பியாயினும், ஆசிரியரின் பாடமாயினும், எழுத்தாளரின் வசனமாயினும், பிறர் பாராத இடத்தில் இட்ட முடுக்கு உறுதியானதா என்று நம்மை நாமே வினாவிக்கொள்வோமாயின், அக்கம்மியர்க்கு நாம் செய்யும் நினைவுக்கடன் அதுவேயாகும்.